ஜாமீனும் இடர் மதிப்பீடும்: விசாரணைக் கைதியின் உரிமைகள்

குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் ஜாமீனில் வெளிவந்தால் தலைமறைவாவாரா, சாட்சிகளைக் கலைப்பாரா, மறுபடியும் குற்றத்தில் இறங்குவாரா என்று முன்கூட்டிக் கணிப்பதே இடர் மதிப்பீடு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் வயது, பழைய வழக்குகள், முன்பு வாய்தாவுக்கு வராமற்போனமை முதலியவற்றுக்கு மதிப்பெண் இட்டு நீதிபதியிடம் அளிக்கும் கருவிகள் வழக்கத்தில் உள்ளன. இந்தியச் சட்டம் அத்தகைய கருவி எதையும் விதிக்கவில்லை என்றாலும், அதன் மூலக் கருத்து 1979-லேயே ஹுசைனாரா காத்தூன் வழக்கில் இங்கு வந்துவிட்டது. ஊரில் எவ்வளவு காலமாக வசிக்கிறார், என்ன வேலை பார்க்கிறார், குடும்பப் பிணைப்பு எத்தகையது, அவருக்காகப் பொறுப்பேற்றுப் பேசக்கூடியவர் யார் என்பனவற்றை ஆராய்ந்து, ஓடிவிடமாட்டார் எனத் தோன்றினால் ஜாமீன்தாரர் இல்லாமலே சொந்தப் பிணையில், அதாவது தாமே எழுதிக் கொடுக்கும் உறுதிப் பத்திரத்தின் பேரில், விடலாம் என்று உச்ச நீதிமன்ற நீதிபதி பி.என். பகவதி தீர்ப்பளித்தார்.

ஏழையை விடுவிக்கப் பிறந்த இக்கேள்விகள் மதிப்பெண்ணாக இறுகும்போது ஏழைக்கே எதிராகத் திரும்பக்கூடும். தலைமுறைகளாக மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தும் நிறுவனத்தின் குடியிருப்பைத் தவிர வேறு முகவரி இல்லாதிருந்தவருக்கும், முக்கூடலிலோ மேலப்பாளையத்திலோ வீட்டிலிருந்தே பீடி சுற்றுபவருக்கும் சொந்த வீடு, நிலையான வேலை என்ற கட்டங்களில் என்ன எண் விழும்? காவல் நிலையத்தின் ரவுடிப் பட்டியலும் அக்கணக்கில் சேர்க்கப்பட்டால், நிரூபிக்கப்படாத சந்தேகமே அறிவியல் முடிவுபோலத் தோற்றம் கொள்ளும். கேரள உயர் நீதிமன்றம் 2025-இல் வெளியிட்ட கொள்கை, மாவட்ட நீதிமன்றங்கள் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முடிவெடுப்பதைத் தடுத்திருப்பது சரியான முன்மாதிரி. சாட்சியின் அச்சத்தையும் எந்த எண்ணும் உணராது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு ஜாமீன் விசாரணையில் பாதிக்கப்பட்டவருக்கும் பேசும் உரிமை தந்திருப்பது, சாதி மோதல்களால் காயப்பட்ட தாமிரபரணிக் கரைக்கு மிகவும் வேண்டியது.

பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் உறவினர் இருப்போர், அவருடைய ஊர்ப்பிணைப்பைக் காட்டும் ரேஷன் கார்டு, பீடித் தொழிலாளர் அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்று முதலியவற்றை வழக்கறிஞர் வழியே நீதிபதியின் முன் வைக்க வேண்டும். ஜாமீனில் விடத்தக்க குற்றத்தில் கைதானவர் ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரரைத் தர இயலாவிட்டால், அவரை வசதியற்றவராகக் கருதிச் சொந்தப் பிணையில் விட வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 478-ஆம் பிரிவு. அதன் 479-ஆம் பிரிவின்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தைச் சிறையில் கழித்திருந்தாலே பிணையில் விடுதலைக்கு உரியவர். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும் பல வழக்குகள் நிலுவையில் உள்ளோருக்கும் இது பொருந்தாது. ஜாமீன் கிடைத்தும் ஏழு நாட்களுக்குள் வெளிவராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் உத்தரவிட்டது. காவலில் உள்ள எவருக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. அதற்கு அழைக்க வேண்டிய எண் 15100.