மறைத்த வழக்கும் கைநழுவும் வேலையும்

கோவை காந்திபுரத்துப் பயிற்சி மையங்களில் காவலர் வேலைக்கும் துணை ராணுவத்துக்கும் படிக்கிற பிள்ளைகள் ஓட்டத்துக்கும் பொது அறிவுக்கும் உயிரைக் கொடுக்கிறார்கள். தேர்ச்சிக்குப் பின் கைக்கு வரும் அட்டெஸ்டேஷன் ஃபாரத்தைப் பற்றி அவர்களிடம் பேசுவோர் குறைவு. எப்போதாவது கைதானீர்களா, உங்கள் மீது வழக்கு நடந்ததா, அபராதமோ தண்டனையோ விதிக்கப்பட்டதா என்று அந்தப் படிவம் கேட்கும். போலீஸ் வெரிஃபிகேஷன் நடப்பது அதை வைத்துத்தான்.

நண்பர்களோடு கஞ்சா புகைத்துப் பிடிபட்ட பையன், கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டு வருகிறான். “ஃபைன் கட்டியாச்சுங்களே, கேஸ் முடிஞ்சிருச்சில்லீங்க?” என்று நிம்மதி அடைகிறது வீடு. முடிந்தது உண்மைதான், ஆனால் அவன் குற்றவாளி என்ற தீர்ப்போடு முடிந்திருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 27-ஆம் பிரிவில், கஞ்சா பயன்படுத்தியதற்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டையும் விதிக்கிறது. ஆகவே அந்த ஃபைனே தண்டனை. அலைச்சலுக்குப் பயந்து ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு வக்கீலிடம் பேசுவது அவசியம்.

தமிழ்நாட்டுக் காவல் பணியில் விதி இன்னும் கடுமை. சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதி 14(பி)-இன்படி, வெரிஃபிகேஷனுக்கு முன் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவருக்கு வேலை இல்லை. சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும், புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சியானதால் தப்பியவரும் அந்தக் கணக்கில் சேர்வார்கள். இந்த விதியைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-இல் ஏற்றுக்கொண்டது. என் பார்வையில், பதினெட்டு, பத்தொன்பது வயதில் செய்த சிறு தவறுக்கு இது அதிகமான விலை.

அதனாலேயே மறைக்கத் தோன்றும். மறைத்தால் நிலைமை மோசமாகும். 2016 ஜூலையில் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை விரிவாக ஆராய்ந்தது. படிவத்தில் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். மறைத்தது பெரிய குற்றமென்றால் நியமனத்தை ரத்து செய்யலாம். இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கென்றால் மன்னிக்கவும் நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு. குறிப்பாகக் கேட்ட விவரத்தைச் சொன்னால் போதும். கேட்காததைச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்ட முடியாது. பணி உறுதியானவரை, பொய்த் தகவல் தந்தார் என்று நீக்குவதானால் துறை விசாரணை நடத்தியாக வேண்டும். மறைத்தாலே தானாக வேலை போய்விடாது என்று 2022-இல் பவன் குமார் வழக்கிலும் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பைப் பெற அவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

பாஸ்போர்ட்டிலும் இதே கதைதான். தகவலை மறைத்து வாங்கினால் 2 ஆண்டு வரை சிறைக்கு 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமுண்டு. வழக்கு நிலுவையில் இருந்தால் மறைக்கவே தேவையில்லை. அந்த நீதிமன்றத்தின் அனுமதியோடு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டிலும் இப்படித்தான்: அமெரிக்காவில் ரகசியக் கோப்புகளைக் கையாளும் பணிக்கு வருபவரிடம், வழக்கே இல்லாவிட்டாலும், கடந்த 7 ஆண்டுகளில் போதைப்பொருள் தொட்டதுண்டா என்று கேட்கிறார்கள். அங்கேயும் பொய் சொல்வது தனிக் குற்றம்.

18 வயதுக்கு முன் நடந்ததென்றால் நிலைமை வேறு. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, அந்தத் தீர்ப்பு பிற்காலத்தில் எந்தத் தகுதியையும் பறிக்கக் கூடாது என்கிறது. கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்களைப் போல் விசாரிக்கப்பட்ட 16 வயது கடந்தவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

போதைப் பழக்கத்தில் சிக்கியிருக்கும் பிள்ளையைப் பெற்றவர்கள் போலீசுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள். இங்கே சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய, போதைக்கு அடிமையானவர், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையை முழுதாக முடிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446.

நியமனம் மறுக்கப்பட்டால் வாய்மொழிப் பதிலோடு திரும்ப வேண்டாம். காரணத்தோடு எழுத்துப்பூர்வ ஆணையைக் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர்., தீர்ப்பு நகல், நிரப்பிய படிவத்தின் நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100-ஐ அழைத்துக் கேட்கலாம்.