உழவர் கம்பெனிக்கு நிர்வாகி தேடும்போது

உழவர் உற்பத்தியாளர் கம்பெனி ஒன்றைப் பதிவு செய்வது இன்று கடினமான காரியம் அல்ல. 10 விவசாயிகள் சேர்ந்தாலே சட்டம் அனுமதிக்கிறது. பங்குத் தொகை வசூலாகிறது, பெயர்ப் பலகை மாட்டப்படுகிறது, இயக்குநர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அதன் பிறகு நிதானமாகச் செய்ய வேண்டிய ஒரு காரியத்தைத்தான் பல ஊர்களில் ஒரே மாலையில் பேசி முடித்துவிடுகிறார்கள். கம்பெனியை அன்றாடம் நடத்தப் போகும் முதன்மைச் செயல் அலுவலரை நியமிப்பதே அது. ஆடு விற்றும், பால் பணத்தில் மிச்சம் பிடித்தும் உறுப்பினர்கள் போட்ட 1,000 ரூபாயும் 2,000 ரூபாயும் பெருகுவதும் கரைவதும் பெரும்பாலும் இந்த ஒருவரைப் பொறுத்ததே.

இத்தகைய கம்பெனிகளுக்கு 2002-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழி செய்தது. அந்த ஏற்பாடுகள் இப்போது 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தில் தனி அத்தியாயமாக உள்ளன. அதன்படி ஒவ்வொரு உற்பத்தியாளர் கம்பெனிக்கும் முழு நேர நிர்வாகி ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அவரை நியமிப்பது இயக்குநர் குழு. அவர் கம்பெனியின் உறுப்பினராக இருக்கக் கூடாது. பதவியின் காரணமாக அவரும் ஓர் இயக்குநர் ஆகிறார். மற்ற இயக்குநர்களைப் போல முறை வைத்து ஓய்வு பெறுவதில்லை. ஆனால் அவர் வேலை செய்ய வேண்டியது குழுவின் மேற்பார்வைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டே.

உறுப்பினர் கூடாது என்றதும், தலைவரின் மருமகனையோ இயக்குநரின் மகனையோ அமர்த்துவது சில இடங்களில் நடக்கிறது. அவர் உறுப்பினர் அல்ல என்பது உண்மைதான். ஆனால் கையிருப்பு 5,000 ரூபாய் குறைந்தால் அவரை யார் கேட்பது? சம்பந்தி வீட்டுப் பிள்ளையைக் கூட்டத்தில் நிற்க வைத்துக் கணக்குக் கேட்கும் துணிவு நம் ஊர்களில் எளிதில் வராது.

குஜராத்தில் கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் 1946-இல் பதிவாயிற்று. அதன் தலைவர் திரிபுவன்தாஸ் படேல் அந்த மண்ணின் மைந்தர். விவசாயிகளின் நம்பிக்கையைப் பெற்றவர். 1950-இல் அவர் நிர்வாகியாக அமர்த்திக்கொண்டது கேரளத்தில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்த வர்கீஸ் குரியனை. குரியனுக்கு அங்கே உறவும் இல்லை. அந்த மொழியும் புதிது. அதற்கு முன்பு ஆனந்த் நகரில் அரசுப் பால்பண்ணை வேலையில் இருந்தபோது, ஒன்றியத்தின் பழுதடைந்த இயந்திரங்களைச் சரி செய்ய உதவியவர் அவர். அதாவது, வேலையைக் கண்ணால் பார்த்த பிறகே ஆள் அமர்த்தப்பட்டார். கிராமங்களை ஒன்றாகக் கட்டிக் காப்பது தலைவரின் பொறுப்பாகவும், ஆலையும் விற்பனையும் நிர்வாகியின் பொறுப்பாகவும் நின்றன. அமுல் வளர்ந்ததற்குக் காரணங்கள் பல. இந்தப் பிரிவினை அவற்றில் முக்கியமானது.

சம்பளம் எங்கிருந்து வரும்?

10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் மத்திய அரசுத் திட்டம் 2020-இல் தொடங்கப்பட்டது. அதில் சேர்ந்த அமைப்புகளுக்கு 3 ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை நிர்வாகச் செலவு தர வகை செய்யப்பட்டது. நிர்வாகிக்கு மாதம் 25,000 ரூபாய் வரையிலும் கணக்கருக்கு 10,000 ரூபாய் வரையிலும் சம்பளம் இதில் அடங்கும். 4-ஆம் ஆண்டில் என்ன செய்வது என்பதை ஆள் எடுக்கும் நாளிலேயே யோசிக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். இருவர் சம்பளம் ஆண்டுக்கு 4,20,000 ரூபாய். மாதம் 4,000 ரூபாய் வாடகை என்றால் 48,000. மொத்தம் 4,68,000. உரம், விதை, விளைபொருள் வியாபாரத்தில் மற்றச் செலவுகள் போக ரூபாய்க்கு 3 காசு நிற்கும் என்று வைத்துக்கொண்டால், இந்தச் செலவை ஈடு கட்டவே 1 கோடியே 56 லட்சம் ரூபாய்க்கு வியாபாரம் நடக்க வேண்டும். 500 உறுப்பினர் உள்ள கம்பெனியில் ஆளுக்கு 31,200 ரூபாய். உறுப்பினர்கள் வெளிக்கடையில் உரம் வாங்கிக்கொண்டே நிர்வாகியைக் குறை சொல்வதில் பயன் இல்லை. மானியம் உள்ள 3 ஆண்டுகளுக்குள் இந்த அளவுக்கு வியாபாரத்தை வளர்க்கக்கூடியவர்தானா என்பதே ஆளைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல்.

வேளாண்மைப் பட்டதாரி கிடைத்தால் நல்லது. பூச்சிமருந்துக் கடை வைப்பதானால், உரிமத்துக்கு உரிய படிப்பு உள்ளவர் ஒருவர் தேவை. அதற்கும் அவர் உதவுவார். ஆயினும் 8 மாதத்தில் வேறு வேலைக்குத் தேர்வு எழுதிப் போய்விடும் பட்டதாரியை விட, பக்கத்து ஊரில் குடியிருந்து, மண்டியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ சில ஆண்டுகள் வேலை பார்த்த பன்னிரண்டாம் வகுப்புக்காரர் பல கம்பெனிகளுக்குப் பொருத்தமாக இருப்பார்.

நேர்முகத் தேர்வில் குடும்பம், ஊர் எல்லாம் விசாரித்துவிட்டு, ‘நன்றாக உழைப்பாயா தம்பி?’ என்று கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. வந்தவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து இப்படி ஒரு கணக்குப் போடச் சொல்லலாம்: உறுப்பினர்களிடம் குவிண்டால் 2,050 ரூபாய்க்கு 100 குவிண்டால் மக்காச்சோளம் எடுத்து, நாமக்கல் கோழித் தீவனக்காரருக்கு 2,200 ரூபாய்க்கு அனுப்புகிறோம். 14 சதவீத ஈரம் வரை கழிவில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் எடையில் ஒரு சதவீதம் கழிப்பார்கள். சரக்கில் ஈரம் 17 சதவீதம். லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி சேர்த்து 10,000 ரூபாய். மிச்சம் எவ்வளவு?

97 குவிண்டாலுக்கு 2,13,400 ரூபாய் வரும். செலவு போக 2,03,400. உறுப்பினர்களுக்குக் கொடுத்தது 2,05,000. குவிண்டாலுக்கு 150 ரூபாய் லாபம் போலத் தெரிந்த வியாபாரத்தில் 1,600 ரூபாய் நஷ்டம். விடையைச் சரியாகச் சொன்னவரிடம் அடுத்த கேள்வி: ‘இன்னும் இரண்டு நாள் காய வைத்துக் கொண்டுவாருங்கள் என்று உறுப்பினரிடம் எப்படிச் சொல்வாய்?’ மதிப்பெண் பட்டியலை விட இந்தப் பதில் அதிகம் காட்டும். முன்பு வேலை பார்த்த இடத்திலும் ஓர் இயக்குநர் நேரில் போய் விசாரித்து வர வேண்டும்.

எழுத்தில் இருக்க வேண்டியவை

நியமன உத்தரவில் சம்பளமும் தேதியும் மட்டும் இருந்தால் போதாது. முதல் 6 மாதம் தகுதிகாண் பருவம், விலகுவதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, குழுவைக் கேட்காமல் எவ்வளவு தொகை வரை செலவு செய்யலாம் ஆகியவற்றை எழுத வேண்டும். காசோலையில் நிர்வாகியோடு இயக்குநர் ஒருவரின் கையெழுத்தும் இருக்கட்டும். அதே வேளையில், 200 ரூபாய் சாக்கு வாங்கவும் தலைவர் வீட்டுத் திண்ணையில் காத்திருக்க வைத்தால் நல்ல ஆள் தங்க மாட்டார்.

இயக்குநர் குழு 3 மாதத்துக்கு ஒரு முறையேனும் கூட வேண்டும் என்பது சட்டம். வியாபாரம் நடக்கும் கம்பெனிக்கு அது போதாது. மாதம் ஒரு முறை உட்காருவது நலம். வங்கி இருப்பு, கையிருப்பு, கிடங்குச் சரக்கு, வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி ஆகிய ஐந்தையும் ஒரே தாளில் நிர்வாகி கொண்டுவர வேண்டும். வர வேண்டிய பாக்கியில் இயக்குநர்களின் பெயரும் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதும் நிர்வாகியைக் கைவிடக் கூடாது. சரக்கை ஓர் இயக்குநர் கிடங்குக்குப் போய் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிர்வாகி விலகும் நாளையும் முன்கூட்டியே நினைக்க வேண்டியிருக்கிறது. ஜி.எஸ்.டி. கணக்குக்கும் வங்கிக் கணக்குக்கும் அவருடைய சொந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவைத்திருந்தால், அவர் போன பிறகு ரகசிய எண் அவருக்கே போய்க்கொண்டிருக்கும். ஆகவே கம்பெனியின் பெயரில் தனி எண் வாங்கி, அந்தக் கைப்பேசி அலுவலகத்திலேயே இருக்கும்படி தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும். அவர் விலகும் அன்றே வங்கிக்குக் கடிதம் கொடுத்துக் கையெழுத்தை மாற்றி, கிடங்குச் சாவி, ரசீதுப் புத்தகங்கள், உரிமங்கள் ஆகியவற்றைப் பட்டியல் எழுதிப் பெற்றுக்கொள்ள வேண்டும். அவர் இயக்குநராகவும் இருந்தவர் என்பதால், கம்பெனிப் பதிவாளருக்கு 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். இதைத் தணிக்கையாளர் மூலம் செய்துகொள்ளலாம்.