மாணவர் ஆராய்ச்சி அணிகளும் அவற்றின் ஆதரவாளர்களும்

ஓர் உயிரணு எந்தெந்தப் பொருள்களை உண்டாக்க வேண்டும் என்பதை அதிலுள்ள ஜீன்கள் நிர்ணயிக்கின்றன. அந்த ஜீன்களைத் திட்டமிட்டு அமைத்து, பாக்டீரியா, ஈஸ்ட் முதலிய நுண்ணுயிர்களைக் கொண்டு புதிய வேலைகளைச் செய்விக்கும் துறைக்குச் செயற்கை உயிரியல் என்று பெயர். இத்துறையில் மாணவர்கள் பங்குபெறும் பெரிய பன்னாட்டுப் போட்டி 'ஐஜெம்' என்பதாகும். 2003-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு குறுகிய காலப் பாடமாக இது தொடங்கிற்று. 2004-இல் 5 அணிகளும், 2005-இல் 13 அணிகளும் கலந்துகொண்டன. அண்மை ஆண்டுகளில் இந்த எண்ணிக்கை 300-ஐத் தாண்டிவிட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் 2008-இலேயே இதில் பங்கு கொண்டனர்.

இத்தகைய அணியைத் தனியொரு கல்லூரி தாங்குவது அரிது. போட்டிக் கட்டணமே பல ஆயிரம் டாலராகும். ஆகவே வெளியார் ஆதரவு இன்றியமையாதது. அவ்வாதரவை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பண உதவி. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, இந்திய உயிரியல் பொறியியல் போட்டி என்னும் திட்டத்தின் வாயிலாக நம் நாட்டு அணிகளுக்கு நிதி அளித்ததுண்டு. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். பொது நிதியில் இயங்கும் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியும் அப்பணிகளுள் அடங்கும்.

இரண்டாவது, பொருள் உதவி. டி.என்.ஏ. தயாரிக்கும் கம்பெனியொன்று சில ஆண்டுகளில் ஒவ்வோர் அணிக்கும் 20,000 எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ.வை இலவசமாக வழங்கியது. பாக்டீரியாவின் ஒரு ஜீன் ஏறக்குறைய 1,000 எழுத்து நீளமுடையது. எனவே இது சுமார் 20 ஜீன்களுக்குப் போதுமானது.

மூன்றாவது, ஆய்வுக்கூடமும் அறிவுரையும். 2009-இல் பெங்களூரில் கலை, வடிவமைப்பு பயிலும் மாணவர் அணியொன்று, மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்னும் பொருளைப் பாக்டீரியாவைக் கொண்டு உண்டாக்க முனைந்தது. உயிரியல் விஞ்ஞானிகளின் துணை கிடைத்ததனாலேயே உயிரியல் பயிலாத மாணவர்கள் இம்முயற்சியில் இறங்க முடிந்தது.

நான்காவது வகை ஆதரவு கணக்கில் வருவது குறைவு. மண்ணையும் செடியையும் நோயின் போக்கையும் அறிந்த உள்ளூர் மக்களின் ஒத்துழைப்பே அது. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லைப் பகுதிகளில் பணிபுரியும் ஊழியர்களும் ஆசிரியர்களும் நேரே தொடர்பு கொள்ளக்கூடியது இந்த வகையோடுதான்.

உதாரணமாக, இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் மழைக்காலத்தில் காய்களை அழிக்கும் அழுகல் நோயை எடுத்துக்கொள்வோம். பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிர் இதற்குக் காரணம். டிரைக்கோடெர்மா என்னும் பூஞ்சையை மண்ணிலிட்டு நோயைக் கட்டுப்படுத்துவது நடைமுறையில் உள்ளது. பாம்பாடும்பாறையிலுள்ள கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிலையமும், மைலாடும்பாறையிலுள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும் ஏலச்செடியை ஆராய்ந்து வருபவை. ஒரு மாணவர் அணி இந்நோயைப் பற்றி ஆராய விரும்பி வருமாயின், எந்தச் சரிவில் நோய் முந்தித் தோன்றுகிறது, எந்த நிழல்மரத்தின்கீழ் குறைவாக இருக்கிறது என்பதை அதற்குச் சொல்லக்கூடியவர்கள் தோட்டத் தொழிலாளரும் சிறு விவசாயிகளுமே. மண் மாதிரியும் அவர்கள் நிலத்திலிருந்தே எடுக்கப்படும்.

பணம் தந்த கம்பெனியின் சின்னம் அணியின் சட்டையில் அச்சாகிறது. மண் தந்தவரின் பெயர் எங்கே எழுதப்படுகிறது? யார் எந்த வேலையைச் செய்தார், யார் எந்த உதவி தந்தார் என்பதை அணிகள் தெளிவாக எழுதிக் காட்ட வேண்டுமென்பது ஐஜெம் விதி. அதைச் செய்யாத அணி பதக்கம் பெறுவதில்லை. எனவே உள்ளூர் உதவியையும் அக்கணக்கில் சேர்க்கும்படி கேட்பது சலுகை கோருவதன்று, விதியை நினைவூட்டுவதேயாகும். விவசாயியின் பெயரை வெளியிடுமுன் அவர் சம்மதத்தைப் பெறுதல் வேண்டும்.

சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி, வெளிநாட்டவரும் வெளிநாட்டுக் கம்பெனிகளும் நம் நாட்டு உயிரியல் வளங்களை ஆராய்ச்சிக்காகப் பெறுவதற்குச் சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி தேவை. உள்ளாட்சி அமைப்புகளில் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்கள் அமைக்கவும் சட்டம் வகை செய்கிறது. ஆகவே ஆதரவாளர் வெளிநாட்டுக் கம்பெனியாக இருந்து, அது மண்ணையோ நுண்ணுயிரையோ அனுப்பக் கேட்குமானால், மாணவர்கள் தாமாக அனுப்புதல் கூடாது.

மற்றொரு வரம்பும் கவனிக்கத்தக்கது. ஜீன் மாற்றப்பட்ட உயிர்களைக் கையாளும் ஸ்தாபனத்தில் உயிர்ப் பாதுகாப்புக் குழு இருத்தல் வேண்டுமென்று 1989-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அத்தகைய உயிர்களை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே விடுவதை ஐஜெம் அறவே தடை செய்கிறது. ஆதரவாளர் விரைவில் பலனைக் காட்டும்படி வற்புறுத்தினாலும் தோட்டத்தில் சோதித்துப் பார்க்க இடமில்லை.

ஓர் அணி உதவி நாடி வரும்போது பின்வரும் நான்கு கேள்விகளைக் கேட்பது நலம். பணம் யாருடையது? மாதிரி எங்கே செல்லும், எவ்வளவு காலம் வைக்கப்படும்? கல்லூரியின் உயிர்ப் பாதுகாப்புக் குழு ஒப்புதல் அளித்துள்ளதா? முடிவுகளை இவ்வூர் மக்களுக்கு அவர்கள் மொழியில் வந்து சொல்வார்களா? கடைசிக் கேள்விக்கு ஆசிரியர்கள் தக்க ஏற்பாடு செய்யலாம். தேவிகுளம், சித்தூர் வட்டாரங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. ஒரு மாலை நேரம் பள்ளியில் மாணவர்களையும் விவசாயிகளையும் கூட்டினால், ஆராய்ச்சியின் பயன் அதற்கு வித்திட்டவர்களிடம் திரும்பி வரும்.

இக்கேள்விகளுக்கு நேரான விடை தரும் அணியை மனமுவந்து ஆதரிக்கலாம். விடை தர இயலாத அணிக்கு, அவ்விடைகளைத் தேடிவரும்படி சொல்லி அனுப்புவதும் ஒருவகை ஆதரவே.