அவதானக் குறைபாட்டின் வேறுபட்ட தோற்றங்கள்

கற்றலுக்கு அடிப்படையாய் அமைவது அவதானம். ஒன்றைக் கேட்டலும், மனத்தில் இருத்தலும், வேண்டும்பொழுது நினைவிற்குக் கொணர்தலும் அதன் வழியே நிகழ்வன. இவ்வாற்றல் இயல்பிலேயே குன்றிய பிள்ளைகள் உளர். அக்குறைபாடு எல்லாரிடத்தும் ஒரே வகையாய்த் தோன்றுவதில்லை. இதனை அறியாமையால் அவருள் ஒருசாரார் கவனிப்பாரின்றி விடப்படுகின்றனர்.

1902ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலே, ஜோர்ஜ் ஸ்ரில் என்னும் குழந்தை மருத்துவர், அறிவிற் குறைவில்லாதிருந்தும் தம்மை அடக்க இயலாத பிள்ளைகளைப் பற்றி விரிவுரைகள் நிகழ்த்தினார். பின்வந்தோரும் நெடுங்காலம் ஓயாத அசைவையே தலையாய அடையாளமாகக் கொண்டனர். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1968இல் வெளியிட்ட கைந்நூலும் மிகையியக்கம் என்ற பெயராலேயே இதனைச் சுட்டிற்று. அந்நூலின் 1980ஆம் ஆண்டுப் பதிப்பே, மிகையியக்கமின்றியும் அவதானக் குறைபாடு நிகழலாம் என ஏற்றுக்கொண்டது.

இன்று இது மூவகையாய்க் கூறப்படும்: அவதானக் குறைவு மேலோங்கியது, மிகையியக்கமும் முன்பின் எண்ணாது செயற்படும் இயல்பும் மேலோங்கியது, இவ்விரண்டும் கலந்தது. இரண்டாம் வகைப் பிள்ளை இருக்கையில் இரான்; வினா முடியுமுன் விடை கூறுவான்; தன்முறை வருமளவும் பொறான். குழப்படிகாரன் எனப் பெயர் பெற்றாலும், அவன் ஆசிரியர் கண்ணிற்குத் தப்புவதில்லை. முதலாம் வகையினரோ எவருக்கும் இடையூறு செய்யார். கண்கள் கரும்பலகையை நோக்கியிருக்க, உள்ளம் வேறெங்கோ உலவும். கணக்கின் முறையை அறிந்திருந்தும் குறியை மாற்றி எழுதுவர். கொப்பியையும் பென்சிலையும் அடிக்கடி தொலைப்பர். ஆண்பிள்ளைகளினும் பெண்பிள்ளைகளிடத்து இவ்வமைதியான தோற்றம் கூடுதலாகக் காணப்படும். ஆதலின், அவர்தம் குறைபாடு வெளிப்படாமலே பல்லாண்டுகள் கழிதலும் உண்டு.

இனி, இத்தகைய பிள்ளை தான் விரும்பிய விளையாட்டிலோ சித்திரத்திலோ நெடுநேரம் ஆழ்ந்திருத்தல் கூடும். அதனைக் கண்டோர், படிப்பில் மனமில்லை என்று கடிந்துகொள்வர். அவதானம் அறவே இல்லாமை அன்று இக்குறைபாடு. அதனை வேண்டிய இடத்திற் செலுத்தி நிறுத்த இயலாமையே ஆகும்.

ஆயினும் ஓரிரு குறிகளைக் கண்டவுடன் பெயர் சூட்டுதல் தகாது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, ஒரு வகைக்குரிய ஒன்பது குறிகளில் ஆறேனும் ஆறு மாதங்களுக்குக் குறையாது நீடித்தல் வேண்டும்; அவற்றுட் சில 12 வயதிற்கு முன்னரே தோன்றி, வீடு, பள்ளி போன்ற ஈரிடங்களிலாவது காணப்படல் வேண்டும். செவிப்புலக் குறை, பார்வைக் குறை, உறக்கமின்மை, மனத்துயர் என்பனவும் அவதானத்தைச் சிதைப்பன. எனவே, துணிந்து கூறுதல் மருத்துவர் கடன். கண்டதைக் குறித்துவைத்துப் பெற்றோருக்கு உணர்த்துதல் ஆசிரியர் கடன்.

அப்பிள்ளையை முன்வரிசையில் இருத்துக. கட்டளைகளை ஒவ்வொன்றாய்க் கூறுக. நீண்ட வேலையைச் சிறு கூறுகளாக்கிக் கொடுக்க. ஆண்டிறுதி அறிக்கையிற் கவனம் போதாது என்று எழுதுமுன், அக்கவனம் ஏன் போதாதாயிற்று என்று ஒருமுறையேனும் ஆராய்தல் நம் கடமையாகும்.