பாலைமலையில் ரீங்காரச் சிட்டுகள்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்கில், மெக்ஸிகோவின் எல்லையை ஒட்டிக் கிடக்கும் அரிசோனா மாகாணத்தைத் தேசப்படத்தில் மட்டும் பார்த்தவர்கள், அங்கே முட்செடியும் கானலும் வெடித்த நிலமுமன்றி வேறொன்றும் இராதென்றே எண்ணுவார்கள். ஆனால் அந்தப் பாலைவெளியின் நடுவே, சிரிக்காவா என்றும் வாச்சூக்கா என்றும் சாண்டா ரீட்டா என்றும் பெயர் கொண்ட மலைகள், ஒன்றோடொன்று தொடராமல் தனித்தனியே எழுந்து நிற்கின்றன. அடிவாரத்தில் கள்ளியும், நம் ஊர்ச் சீமைக்கருவேலுக்கு நெருங்கிய உறவான மெஸ்கீட் மரமும். அதற்கு மேலே ஓக் மரக் காடு. ஏறக்குறைய 3,000 மீட்டரை எட்டும் சிகரங்களிலோ குளிர்ந்த பைன் வனம். மணற்கடலால் சூழப்பட்ட இந்த மலைகளை அங்குள்ளவர்கள் 'வானத் தீவுகள்' என்று அழைப்பது மிகப் பொருத்தமே. வடக்கிலிருந்து ராக்கி மலைத்தொடரின் ஜீவராசிகளும், தெற்கிலிருந்து மெக்ஸிகோவின் சியரா மாத்ரே மலைகளின் ஜீவராசிகளும் வந்து சந்திக்கும் இடமாகையால், ஐக்கிய நாட்டில் வேறெங்கும் காண அரிதான பல பறவைகளை இந்தப் பள்ளத்தாக்குகளில் காணலாம். அவற்றுள் தலையாயவை ஹம்மிங் பறவைகள் எனப்படும் ரீங்காரச் சிட்டுகள்.

முன்பு மாடு வளர்ப்புக்காக ஏற்பட்ட பண்ணைகளில் சில, காலக்கிரமத்தில் பட்டணத்து விருந்தினரை வாடகைக்குத் தங்க வைக்கும் இல்லங்களாக மாறின. குதிரைச் சவாரிக்கும் சுத்தமான காற்றுக்கும் என்று வந்தவர்கள், சிட்டுகளுக்காகத் தாழ்வாரத்தில் தொங்கும் சர்க்கரைநீர்ப் புட்டிகளுக்கு முன்னே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சவாரியை மறந்து உட்கார்ந்துவிடுவது அங்கே சாதாரணக் காட்சி. பட்டகோனியா என்னும் சிற்றூரில் பேட்டன் என்ற தம்பதியர், பல ஆண்டுகள் தங்கள் வீட்டுக் கொல்லையையே அந்நியர்களுக்குத் திறந்துவிட்டு, வந்தவர்கள் விருப்பம்போல் சர்க்கரைக்குக் காசு போட ஓர் உண்டியலையும் வைத்திருந்தார்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு அந்த இடத்தை, முன்பு டூசான் ஆடுபன் சங்கம் என்று வழங்கிய பறவை ஆர்வலர் சங்கம் ஏற்று நடத்தி வருகிறது. முகம் தெரியாதவர்களோடு ஒரு பறவையைப் பகிர்ந்துகொள்ள வேண்டுமென்று தோன்றிய அந்த மனத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

புட்டி மிக எளிய சாதனந்தான். கண்ணாடிக் குடுவை ஒன்று தலைகீழாகத் தொங்குகிறது. அதன் அடியில் சிவப்புத் தட்டு. தட்டில் பூவின் வாய்போல் சிறு துளைகள். இந்த அற்பச் சாதனம், மலர் மலராக மலைச்சரிவெங்கும் சிதறிப் பறக்கும் ஒரு பிராணியை, கையெட்டும் தூரத்தில், ஒரே இடத்தில், திரும்பத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அப்படி அருகில் வைத்து நிதானமாகக் கவனிப்பவர்களுக்கு ஓர் உண்மை மெல்லப் புலப்படும்: இப்பறவையின் சிறகு, நாக்கு, சினம், உறக்கம் ஆகிய யாவும், அந்தரத்தில் நின்றபடியே தேன் பருகிப் பிழைக்க வேண்டும் என்ற ஒரே நிர்ப்பந்தத்திலிருந்து கிளைத்தவை.

நம் நாட்டுத் தோட்டங்களில் செம்பருத்தியைச் சுற்றும் தேன்சிட்டைப் பார்த்துவிட்டு அதுவே ஹம்மிங் பறவை என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டும் வெவ்வேறு வமிசங்கள். 360-க்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட ரீங்காரச் சிட்டுகள் இன்று அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை ஒட்டிய தீவுகளிலும் மட்டுமே வாழ்கின்றன. ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அவற்றின் மூதாதையரின் எலும்புகள் ஜெர்மனியில் அகப்பட்டிருப்பது வேறு கதை. தேன்சிட்டு பெரும்பாலும் கிளையையோ பூக்காம்பையோ பற்றி உட்கார்ந்தே தேன் குடிக்கிறது. ரீங்காரச் சிட்டோ காற்றில் அசையாமல் நிற்கிறது; குடித்து முடித்ததும் திரும்பாமலே பின்னோக்கிப் பறந்து விலகுகிறது.

எவ்வாறு நிற்கிறது? பெரும்பாலான பறவைகள் சிறகைக் கீழே அடிக்கும்போதுதான் உடலைத் தாங்கும் விசையைப் பெறுகின்றன. மேலே தூக்கும்போது சிறகை மடக்கிக்கொள்கின்றன. ரீங்காரச் சிட்டின் சிறகு தோள்மூட்டில் தாராளமாகச் சுழலக்கூடியது. அது சிறகை மேலும் கீழுமாக அன்றி முன்னும் பின்னுமாக வீசி, ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் அதைப் புரட்டிக்கொண்டு, காற்றில் எட்டு என்ற இலக்கத்தைக் கிடத்தி எழுதுகிறது. அதனால் திரும்பும் வீச்சும் வீணாவதில்லை. முன்வீச்சு உடற்பாரத்தில் முக்கால் பங்கையும், பின்வீச்சு கால் பங்கையும் தாங்குகின்றன என்பதை, காற்றில் நுண்துளிகளைத் தூவி அவற்றின் சுழற்சியைப் படம் பிடித்து 2005-இல் ஆராய்ச்சியாளர் நிரூபித்தனர். மூன்று கிராமுக்குச் சற்று மேற்பட்ட எடையுள்ள கருமோவாய்ச் சிட்டு விநாடிக்கு ஏறக்குறைய 50 முறை சிறகடிக்கிறது. எட்டு கிராம் அளவிலான நீலத்தொண்டைச் சிட்டுக்கு 23 முறை போதுமானதாக இருக்கிறது. ஆகவே தாழ்வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், வந்தது பெரிதா சிறிதா என்பதை ரீங்காரத்தின் சுருதியைக்கொண்டே ஓரளவு சொல்லிவிடலாம். அகலவால் சிட்டின் ஆண் பறந்து செல்கையில், சிறகின் நுனி இறகுகளைக் காற்று அறுத்துக்கொண்டு போவதால் ஒரு வெள்ளிமணிச் சத்தம் எழும். பறவை கண்ணுக்குப் படும் முன்பே அந்த ஓசை காதுக்கு வந்துவிடும்.

நாக்கின் நிர்மாணம் இன்னும் நுட்பமானது. அதன் நுனி இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு கிளையிலும் ஒரு பள்ளம் ஓடுகிறது. மெல்லிய குழாயில் நீர் தானாக ஏறுவதைப்போல் தேன் அதில் ஏறுகிறது என்றே நூறாண்டுக்கு மேலாகப் பண்டிதர்கள் கருதி வந்தார்கள். அலெஹாந்த்ரோ ரீகோ-கெவாரா என்ற விஞ்ஞானியும் அவரோடு உழைத்தவர்களும், ஒளி ஊடுருவும் புட்டிகளை வைத்து அதிவேகப் படங்கள் எடுத்துப் பார்த்து, 2011-லும் 2015-லும் வெளியிட்ட ஆராய்ச்சிகளில் அந்தக் கொள்கையை மாற்றினார்கள். அலகு நாக்கை நசுக்கித் தட்டையாக்கி வெளியே அனுப்புகிறது. தேனைத் தொட்டதும் அது சடாரென்று விரிந்து திரவத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. விநாடிக்குப் பத்துப் பதினைந்து தடவைக்கு மேல் இந்தக் கிரியை நடக்கிறது. ருசியிலும் ஓர் அதிசயம் உண்டு. இனிப்பை அறிவதற்கான மரபணுவைப் பறவைகளின் முன்னோர் எப்போதோ இழந்துவிட்டனர். ரீங்காரச் சிட்டுகளின் வமிசத்திலோ, புலாலின் சுவையை அறிவதற்கென்று இருந்த உணர்வேற்பியே உருமாறிச் சர்க்கரையை உணரத் தலைப்பட்டது என்பது 2014-இல் வெளியான கண்டுபிடிப்பு. இல்லாததொன்றை இயற்கை புதிதாகச் செய்யாமல், இருப்பதை மாற்றிப் பயன்படுத்திக்கொண்ட இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, ஒரு சிறு பறவை புட்டியில் அலகை நுழைக்கும் காட்சி எனக்கு முன்போல் சாமானியமாகத் தோன்றவில்லை.

இவ்வளவு உழைப்புக்கும் சக்தி வேண்டும். பறக்கும்போது நீலத்தொண்டைச் சிட்டின் இருதயம் நிமிஷத்துக்கு 1,200-க்கு மேற்பட்ட முறை துடிப்பதை அளந்திருக்கிறார்கள். குடித்த சர்க்கரை அரை மணிக்குள் தசைகளில் எரிபொருளாகிச் செலவாகத் தொடங்குகிறது. ஒரு நாளில் தன் எடைக்குச் சமமான, சில வேளை அதற்கும் மேற்பட்ட தேனை அது பருகியாக வேண்டும். அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் உலை வைக்கும் குடும்பத்தைப்போல, மறுநாளைக்கென்று பெரிதாய் எதையும் மிச்சம் பிடிக்க முடியாத வாழ்க்கை இது. அப்படியானால் குளிர்ந்த மலையிரவைக் கழிப்பதெப்படி? தேவைப்பட்ட இரவுகளில் அது உறக்கத்தையும் கடந்த ஒரு மந்தநிலைக்குள் இறங்குகிறது. சுமார் 40 டிகிரி செல்ஷியஸாக இருந்த உடல் உஷ்ணம் சுற்றுப்புறத்தின் குளிர்ச்சியை நோக்கித் தாழ்கிறது. இருதயத் துடிப்பும் மூச்சும் அடங்குகின்றன. பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையிலுள்ள ஓரினத்தின் உடல் 3.3 டிகிரி வரை குளிர்ந்ததை 2020-இல் பதிவு செய்தார்கள். விடியற்காலையில் உடல் நடுங்கி மெல்லச் சூடேறிய பிறகே பறக்க முடியும். பொழுது புலரும் முன்பே புட்டியை நிரப்பி மாட்டிவிட வேண்டுமென்று பண்ணைக்காரர்கள் அவசரப்படுவதற்குக் காரணம், அந்த முதல் மிடறின் அருமையை அவர்கள் அறிந்திருப்பதே.

ஜூலையில் பாலைவனத்துப் பருவமழை இறங்கியதும் மலைச்சரிவுகளில் இரண்டாவது வசந்தம் போலப் பூக்கள் மலர்கின்றன. அப்போதுதான் வடக்கேயிருந்து ரூஃபஸ் என்னும் செம்பழுப்புச் சிட்டுகள் வந்து சேரும். அலாஸ்கா வரையிலும் சென்று குஞ்சு பொரித்துவிட்டு, மலைத்தொடர் வழியே மெக்ஸிகோவுக்குத் திரும்பும் இந்தப் பறவையின் எடை மூன்றரை கிராம்தான். ஆனால் எத்தனை உக்கிரம்! ஒரு புட்டியைத் தனதென்று பாவித்து, அருகில் ஒரு குச்சியில் அமர்ந்து காவல் காத்து, தன்னைப்போல் இருமடங்கு பெரிய சிட்டையும் விரட்டியடிக்கும். சண்டையில் தோற்பதால் போவது கௌரவமன்று, யாத்திரைக்கு வேண்டிய கொழுப்பு. இதை உணர்ந்த பண்ணைக்காரர்கள் ஒன்றுக்கொன்று தெரியாத மூலைகளில் பல புட்டிகளைத் தொங்கவிடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே பறவையால் காவல் காக்க முடியாதல்லவா?

புதிதாகப் பார்ப்பவர்களைத் திகைக்க வைப்பது ஆண் பறவையின் கழுத்துப் பட்டை. ஒரு கணம் கரிபோல் இருந்தது, தலையைச் சற்றுத் திருப்பியதும் கனலாகவோ நீலமாகவோ மின்னும். அங்கே அந்த நிறத்துக்கான சாயம் எதுவும் கிடையாது. இறகினுள் காற்றுக் குமிழிகளைப் பொதிந்த நுண்தகடுகள் அடுக்கடுக்காய் அமைந்து ஒளியை வாங்கித் திருப்புவதால் எழும் வர்ணம் அது. மயிலின் தோகையில் காண்பதும் இத்தகைய ஒளிவிந்தையே. டூபாண்ட் ரசாயனக் கம்பெனியின் தலைவராக இருந்த கிராஃபோர்ட் கிரீன்வால்ட், தம் ஓய்வு வேளைகளையெல்லாம் இச்சிட்டுகளைப் படம் பிடிப்பதில் செலவிட்டு, 1960-இல் வெளியிட்ட நூலில் இந்த வர்ணத்தின் காரணத்தை விரிவாக ஆராய்ந்தார். மேலும், மனிதர் காணாத நிறங்களையும் இவை காண்கின்றன. கொலராடோ மலைகளில் மேரி கஸ்வெல் ஸ்டாடர்ட் என்ற அம்மையாரின் குழுவினர், ஒரு புட்டியில் சர்க்கரை நீரும் மற்றொன்றில் வெறும் நீரும் வைத்து, ஒன்றுக்குப் பச்சை ஒளியும் மற்றொன்றுக்குப் பச்சையோடு புறஊதா கலந்த ஒளியும் அடையாளமாக அமைத்தார்கள். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அகலவால் சிட்டுகளோ வேற்றுமையைக் கற்றுக்கொண்டு இனித்த புட்டியைத் தேடி வந்தன.

புட்டியின் ஆகாரம் அவற்றுக்கு முழு உணவாகிவிடும் என்று நினைப்பது தவறு. சிறு கொசுக்களும் பூச்சிகளும் சிலந்திகளுமே அவற்றுக்குப் புரதத்தைத் தருகின்றன. குஞ்சு வளர்க்கும் பருவத்தில் அவை இன்றியமையாதவை. பெண் பறவை தனியாகவே, சிலந்திநூலால் பிணைத்த கிண்ணம் போன்ற கூட்டைக் கட்டி, இரண்டு முட்டைகள் இடுகிறது. சிரிக்காவா மலையில் கருமோவாய்ச் சிட்டுகள் வல்லூறு இனத்தைச் சேர்ந்த பெரிய வேட்டைப் பறவைகளின் கூட்டை அண்டியே தம் கூடுகளை அமைப்பதை 2015-இல் விவரித்தார்கள். முட்டையைத் திருடும் மெக்ஸிகோ ஜே பறவை, தலைக்கு மேலிருக்கும் வேட்டைக்காரனுக்கு அஞ்சித் தாழ்ந்து வராது. இத்தனை சிறிய சிட்டைத் துரத்துவதோ வேட்டைக்காரனுக்கு வீண்வேலை. ஆதலால் எதிரியின் நிழலே அரணாகிறது. மரமும் சிலந்தியும் வல்லூறும் இல்லாத இடத்தில் எத்தனை புட்டிகளைத் தொங்கவிட்டாலும் சிட்டுகள் தழைக்கப் போவதில்லை.

புட்டியை வைப்பவருக்குக் கடமைகளும் உண்டு. வெள்ளைச் சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. இதுவே மலர்த்தேனின் இனிப்புக்கு ஒத்தது. தேனீயின் தேனைக் கரைத்து வைத்தால் அது எளிதில் புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும். நாட்டுச் சர்க்கரையில் உள்ள இரும்புச்சத்து அவற்றுக்கு ஆகாது. தட்டே சிவப்பாக இருக்கையில் நீருக்குச் சிவப்புச் சாயம் எதற்கு? பாலைவெயிலில் நீர் விரைவில் கெடுமாதலால் இரண்டு நாளுக்கொருமுறையேனும் கொட்டிவிட்டுச் சுடுநீரில் கழுவி நிரப்ப வேண்டும். எறும்பு இறங்காமலிருக்க, தொங்கும் கம்பியின் நடுவே தண்ணீர் நிறைந்த சிறு கிண்ணம் ஒன்றைக் கோத்துவிடுகிறார்கள். கழுவ நேரமில்லாதவர்கள் புட்டியைத் தொங்கவிடாமலிருப்பதே அவற்றுக்குச் செய்யும் உபகாரம்.

கோடையின் கடைசியில், மாலையில் நிறைத்து வைத்த புட்டிகள் காலையில் காலியாகக் கிடக்கும். சில சமயம் கரடி வந்து புட்டியோடு பிய்த்தெறிந்துவிட்டுப் போவதுமுண்டு. ஆனால் புட்டி ஆடாமல் அசையாமல் காலியாகியிருந்தால் அது பெரும்பாலும் நீள்மூக்கு வௌவாலின் வேலை. மெக்ஸிகோவிலிருந்து வந்து, கள்ளிப்பூவிலும் ஆனைக்கற்றாழைக்கு இனமான அகேவ் பூவிலும் தேன் குடிக்கும் அந்த வௌவால், ஆயிரத்துக்கும் குறைவாகவே எஞ்சியிருப்பதாக அஞ்சப்பட்டு, 1988-இல் அழிவை எதிர்நோக்கும் பிராணிகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. குகைகளின் பாதுகாப்பு, மெக்ஸிகோவில் அகேவ் பயிரிடுவோரின் ஒத்துழைப்பு ஆகியவற்றோடு, சிட்டுகளுக்கென்று தொங்கவிட்ட புட்டிகளில் எந்த இரவில் வௌவால் வந்தது என்று அரிசோனாவின் வீட்டுக்காரர்கள் பொறுமையாக எழுதி அனுப்பிய குறிப்புகளும் அதன் நிலைமையை அறிய உதவின. 2018-இல், சுமார் 2,00,000 வௌவால்கள் இருப்பதாகக் கணித்து, அரசாங்கம் அதன் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. கரடியின் தொல்லை இல்லாத பண்ணைகளில், ஆகஸ்டு பிற்பகுதி முதல் இரவிலும் புட்டிகளை எடுத்து உள்ளே வைக்காமல், இரண்டு வகை விருந்தாளிகளுக்கும் சேர்த்தே சர்க்கரை கரைக்கிறார்கள்.