மூன்று நாழிகைத் தூரம்

பலாலியும் மீனம்பாக்கமும் அநேகமாக ஒரே தீர்க்கரேகையில் உள்ளவை. இடைத்தூரம் நேர்கோட்டில் ஏறக்குறைய 355 கிலோமீற்றர். சிறு விமானமொன்று இதனை ஒன்றேகால் மணியளவிற் கடக்கும். நம் பழைய கணக்கில் மூன்று நாழிகைக்குச் சற்றே மேல்! 1947இல் எயர் சிலோன் விமானங்கள் இரத்மலானையிலிருந்து சென்னைக்கு இவ்வழியே சென்றன. பின்னர் நெடுங்காலம் அடைபட்ட வழி 2019இல் திறந்து, 2020இல் தொற்றுநோயால் மூடுண்டு, 2022 டிசெம்பரில் மீளத் திறந்தது.

வழி அடைபட்டிருந்த 2012இல், சென்னையில் என் ஆசிரியர் மறைந்த செய்தி மாலையில் வந்தது. வடக்கே போகவேண்டிய நான் இரவு முழுதும் பேருந்தில் தெற்கே சென்றேன். கட்டுநாயக்காவில் நண்பகல்வரை காத்திருந்து, 645 கிலோமீற்றர் வடக்கே பறந்தேன். பறக்கையில் யாழ்ப்பாணம் எங்கோ கீழே கிடந்திருக்கும். நான் போய்ச் சேர்ந்தபோது சிதை எரிந்து அடங்கியிருந்தது.