மணம் இருக்கிறது, கூலி எங்கே?

ஆலைச் சங்கு ஊதி முடிந்தபின் அரைமணி நேரம் அதிகமாக வேலை வாங்கினால், "அதற்குக் கூலி எங்கே?" என்று கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். எட்டு மணி நேர வேலை, மிகுதி நேரத்துக்கு இரட்டைக் கூலி, போனஸ், வார விடுமுறை — எவரும் தட்டில் வைத்து நீட்டியவை அல்ல இவை. தொழிலாளி போராடிப் பெற்றவை.

கூலிக் கணக்கில் இத்தனை தெளிவு கொண்ட நாம், நம் வீட்டு அடுக்களையை எட்டிப் பார்த்ததுண்டா? அங்கே ஒரு தொழிற்சாலை நடக்கிறது தோழர்களே! கூரை அதே கூரை, அடுப்பு அதே அடுப்பு. வாழ்க்கைத் துணைவியார் தேங்காய் எண்ணெய் காய்ச்சிச் சோப்பு வார்க்கிறார். பக்கத்து வீட்டுத் தங்கை கண்ணாடிக் குவளையில் மெழுகு ஊற்றி, மல்லிகை வாசம் சேர்த்து, வாசனை மெழுகுவத்தி செய்கிறார். 1989ஆம் ஆண்டு தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தோன்றி, பிறகு தமிழகமெங்கும் பரவின. அந்தக் குழுக்கள் பல கற்றுக்கொண்ட கைத்தொழில்களில் இவையும் உண்டு. திருமணத்தில் தாம்பூலப் பையோடு சோப்பு, கிறிஸ்துமசுக்கு மெழுகுவத்தி, கண்காட்சியிலே ஒரு மேசை — இப்படி விற்கிறார்கள்.

"எவ்வளவு லாபம்?" என்று நாம் கேட்கிறோம். "எத்தனை மணி நேரம் உழைத்தாய்?" என்று கேட்கிறோமா?

விளையாட்டு வேலையா இது? பாருங்கள். ஒரு கிலோ தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்க ஏறத்தாழ 170 முதல் 175 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். எண்ணெய்க்கு எண்ணெய் அளவு மாறும். நல்லெண்ணெய்க்கு ஒரு கணக்கு, வேப்பெண்ணெய்க்கு வேறொரு கணக்கு. சோடா கூடினால் தோல் எரியும், குறைந்தால் கட்டி பிசுபிசுக்கும். ஆகவே கைப்பிடி அளவு உதவாது, தராசு வேண்டும். சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். தண்ணீரைச் சோடாவின்மேல் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண்ணைக் கெடுக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது. சோடா அதை அரிக்கும், எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு கிளம்பும். எவர்சில்வர் பாத்திரம், கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, திறந்த சன்னல் — ஆலையிலே எந்தப் பாதுகாப்பைக் கேட்டு நாம் வாதாடுகிறோமோ, அதே பாதுகாப்பு இந்த அடுக்களைக்கும் தேவை.

வார்த்த மறுநாள் வெட்டலாம்; ஆனால் விற்க முடியாது. நான்கு வாரம் முதல் ஆறு வாரம் வரை காற்றோட்டத்தில் அடுக்கிவைக்க வேண்டும். ஈரம் வற்றும், கட்டி இறுகும், எடையும் குறையும். முதலாளிக்கு வட்டி தெரியும். ஒன்றரை மாதம் முடங்கிக் கிடக்கும் பணத்துக்கு நம் அம்மையாருக்கு வட்டி கொடுப்பவர் யார்?

மெழுகுவத்தியும் இதற்கு இளைத்ததல்ல. மெழுகை நேராக நெருப்பில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்க வேண்டும். தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடி போட்டு அணைக்க வேண்டும். குவளையின் அகலத்துக்கு ஏற்ற திரி வேண்டும். திரி பருத்தால் புகையும், கண்ணாடி வெடிக்கும். மெலிந்தால் நடுவிலே குழி தோண்டிக்கொண்டு அணைந்துபோகும். வாசனை எண்ணெய் மெழுகின் எடையில் நூற்றுக்கு 6 முதல் 10 பங்கு. சோயா மெழுகு நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வியர்த்து இளகும். இவ்வளவும் தெரிந்தவரைத் தொழிலாளி என்று அழைக்காமல், "வீட்டிலே சும்மா இருக்கிறாள்" என்கிறோமே, நியாயமா?

சரி, கணக்குக்கு வருவோம். எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. 20 கட்டிச் சோப்பு. எண்ணெய், சோடா, வாசனை, காகித உறை — செலவு 700 ரூபாய். கட்டி 50 ரூபாய் என்று விற்றால் வரவு 1000. "முந்நூறு ரூபாய் லாபம்!" என்று வீடே மகிழ்கிறது. பொறுங்கள்! கடையில் வைத்தால் கடைக்காரர் கழிவு நூற்றுக்கு 25, போனது 250. மிச்சம் 50. அடுப்பு எரிவாயுவும் பேருந்துக் கட்டணமும் 50. மிச்சம்?

சுழி!

காய்ச்ச, வெட்ட, உறையிட, கொண்டுபோய்ச் சேர்க்க என்று எட்டு மணி நேரம் உழைத்த கைக்குக் கிடைத்தது, வாசனை மட்டும். மணம் இருக்கிறது, கூலி எங்கே?

ஆலையில் இப்படி ஒரு முதலாளி நடந்துகொண்டால் வாயிலில் கூட்டம் போட மாட்டோமா? இங்கே முதலாளி யார்? எவருமில்லை. அதனால்தான் சுரண்டல் கண்ணுக்குத் தெரியவில்லை. மலிவாகக் கேட்கிற வாடிக்கைக்காரர், கழிவு கேட்கிற கடைக்காரர், கணக்கே கேட்காத கணவர் — மூவரும் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்கிறோம்.

கூலியைச் சேர்த்து எழுதிப் பாருங்கள். மணிக்கு 75 ரூபாய் என்றால் எட்டு மணிக்கு 600. பொருளும் பிற செலவும் 750. ஆக மொத்தம் 1350, கட்டிக்கு அறுபத்தேழரை. கடைக்கழிவும் கட்ட வேண்டுமானால் விலை 90. "அவ்வளவா? யார் வாங்குவார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விடை, கூலியை வெட்டுவதல்ல. வேலை முறையை மாற்றுவது. ஐந்து பேர் கூடி ஒரே நாளில் 100 கட்டி வார்த்தால், தனித்தனியே ஆகும் 40 மணி உழைப்பு 20 மணியில் முடியும் என்று வையுங்கள். பொருளுக்கு 3500, கூலிக்கு 1500, பிற செலவு 150. கட்டி ஒன்றுக்கு ஐம்பத்தொன்றரை. இடையில் கடை இல்லாமல் நேரே 60 ரூபாய்க்கு விற்றால், ஐவருக்கும் முழுக் கூலியும் உண்டு, அடுத்த தடவைக்குக் கையிருப்பும் உண்டு. சங்கம் என்பது ஆலை வாயிலுக்கு மட்டும் சொந்தமான சொல்லா?

சிறு உற்பத்தியாளரை நசுக்கும் கதை உலகத்துக்குப் புதிதல்ல. இங்கிலாந்தைப் பாருங்கள். 1709இல் மெழுகுவத்திக்கு வரி போட்டார்கள். உரிமம் பெற்று வரி கட்டாமல் வீட்டில் மெழுகுவத்தி செய்வது குற்றம் என்றார்கள். ஏழை, கோரைத் தண்டைச் சமையல் கொழுப்பில் தோய்த்து ஏற்றி அந்த வெளிச்சத்தில் இருந்தான். 1712இல் சோப்புக்கும் வரி! இரவிலே எவரும் களவாகக் காய்ச்சிவிடக் கூடாதென்று, கொப்பரை மூடிக்குப் பூட்டுப் போட்டார்கள் வரி அதிகாரிகள். வெளிச்சத்துக்கு வரி, தூய்மைக்கு வரி! மெழுகுவத்தி வரி 1831இல்தான் ஒழிந்தது; சோப்பு வரியை 1853இல் கிளாட்ஸ்டன் நீக்கினார். பிறகு வந்தது பெருந்தொழில். 1884இல் லீவர் நிறுவனம் 'சன்லைட்' சோப்பை அளவாக வெட்டி, உறையிட்டு, பெயர் பொறித்து விற்கத் தொடங்கியது. நான்கே ஆண்டில், 1888இல், அந்தச் சோப்பு கல்கத்தாத் துறைமுகத்தில் வந்து இறங்கியது. பொருளோடு பெயரையும் உறையையும் விற்கத் தெரிந்தவர் வென்றார்.

இன்று இங்கே நிலைமை என்ன? சோப்புக் கட்டிக்கு 2017 முதல் நூற்றுக்கு 18 என்றிருந்த சரக்கு சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகக் குறைந்தது. நல்லது. ஆனால் பதிவு செய்யாத சிறு உற்பத்தியாளர், வாங்குகிற மூலப்பொருளில் ஒட்டிவரும் வரியைத் திரும்பப் பெற வழியில்லை. 2020ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகளின்படி, சோப்பு செய்து விற்கவும் உரிமம் வேண்டும். உறையில் சேர்மானம், எடை, தயாரித்த நாள், முகவரி எல்லாம் இருக்க வேண்டும். தோலில் தேய்க்கும் பொருளுக்குக் கட்டுப்பாடு தேவைதான்; மறுக்கவில்லை. ஆனால் பெரிய ஆலைக்கு எழுத்தர் இருக்கிறார், வழக்கறிஞர் இருக்கிறார். அடுக்களைக்கு யார்? படிவம் நிரப்பித்தர நம் கிளை மன்றத்து இளைஞர் ஒருவர் ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் போதாதா?

விற்கிற தோழியர்க்கும் ஒரு வார்த்தை. "ரசாயனமே இல்லாத சோப்பு" என்று எழுதாதீர்கள். காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்பே இல்லை. சரியாக அளந்து, சரியாக ஆற வைத்தால் அது எண்ணெயோடு முழுவதும் கலந்து மாறிவிடுகிறது என்பதே உண்மை. "எல்லாத் தோல் நோயும் பறந்துபோகும்" என்றும் எழுதாதீர்கள். நோய்க்கு மருத்துவர் இருக்கிறார். சொல்ல உண்மையான பெருமை இல்லையா? பெரிய ஆலைகள் சோப்பிலிருந்து கிளிசரினைப் பிரித்துத் தனியே விற்பதுண்டு. கையால் வார்த்த கட்டியில் அது அப்படியே இருக்கிறது. அதைச் சொல்லுங்கள். பகுத்தறிவோடு வாங்குகிறவன் நாளைக்கும் வருவான்; ஏமாந்து வாங்கியவன் ஒருநாள்தான் வருவான்.

தோழர்களே! செய்ய வேண்டியது மலையைப் பெயர்ப்பதல்ல. இன்றிரவே ஒரு குறிப்பேடு வாங்கிக் கொடுங்கள். பொருள் எவ்வளவு என்பதோடு, மணி எவ்வளவு என்றும் எழுதச் சொல்லுங்கள். அவர் வார்க்கும் நேரத்தில் பாத்திரம் கழுவுங்கள். குழந்தையை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேடையில் போட்டு மறுநாள் மடித்துவைக்கும் பொன்னாடைக்குப் பதில், மகளிர் குழுவின் சோப்புப் பெட்டி ஒன்று கொடுங்கள். சங்க விழாவுக்கு மெழுகுவத்தி அவர்களிடம் வாங்குங்கள். வாங்கும்போது பேரம் பேசாதீர்கள். துணிக்கடையில் அச்சிட்ட விலையை வாய் திறக்காமல் கட்டுகிற நாம், கைத்தொழில் செய்யும் பெண்ணிடம் மட்டும் பத்து ரூபாய் குறைக்கச் சொல்வது வீரமா?

உழைத்தவருக்குக் கூலி என்பது ஆலை வாயிலோடு நின்றுபோகும் கொள்கையானால், அது கொள்கையே அல்ல. அடுக்களைக்குள்ளும் அது நுழையட்டும்! எண்ணெய்க்குக் கணக்கு எழுதுகிற கை, தன் உழைப்புக்கும் கணக்கு எழுதட்டும்!